பயிற்சியாளர் இல்லாத ஆறு வாரங்கள்

பூன் லே பிளேஸ் உணவங்காடி நிலையத்தில் ஞாயிற்றுக்கிழமை காலை நாசி லெமாக் வரிசை எப்போதும் நீளம்தான். சில வாரங்களுக்கு முன் அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர், எங்கள் புளோக்கின் ஆறாம் மாடிக்காரர். பக்கத்தில் உயர்நிலை இரண்டில் படிக்கும் அவர் மகன், தோளில் ஹாக்கி மட்டைப் பையோடு, பேசாமல் நின்றிருந்தான்.

“அண்ணே, விளையாட்டப் பத்தி எழுதுறீங்க, ஒண்ணு கேக்கணும். இவன் போன வருஷம் பின்னாடி நின்னு நல்லா ஆடுனான். இந்த வருஷம் பந்து முழுக்க இவன் பக்கமாத்தான் உள்ள போகுது. கோச்சுக்கு இவன் மேல நம்பிக்கையே போச்சு. வேற கோச்கிட்ட விட்டா தேறிடுவானா?”

பதில் சொல்வதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. வீட்டுக்கு வந்தும் கேள்வி விடவில்லை. விளையாட்டில் தடுமாறும் எந்தத் தடுப்பாட்டக்காரரைப் பற்றியும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். கனடாவின் பனித்தள ஹாக்கி ரசிகர்களும், பஞ்சாபின் கிராமத்துத் திடல்களில் உட்கார்ந்திருப்பவர்களும் ஒரே குரலில் கேட்பது இது. பெரும்பாலும் பதில் ஆசையிலிருந்து வருகிறது. சான்றுகளை வைத்துப் பதில் தேடினால் என்ன கிடைக்கும்? அதற்கு வசதியான ஒரு நிகழ்வு அண்மைக்கால இந்திய ஹாக்கியில் இருக்கிறது. அதில் நம் சிங்கப்பூருக்கும் வலிமிகுந்த ஒரு சிறு பங்கு உண்டு.

ஒரே திடல், இரண்டு மாதங்கள்

2023 ஜனவரி 13. ஒடிசாவின் ரூர்கேலாவில் புதிதாகக் கட்டிய பிர்சா முண்டா அரங்கில் உலகக் கோப்பையின் முதல் நாள். இந்தியா ஸ்பெயினை 2-0 என வென்றது. ஆனால் அணித்தலைவர் ஹர்மன்பிரீத் சிங்குக்குக் கிடைத்த பெனால்டி ஸ்ட்ரோக் கோலாகவில்லை. தடுப்பாட்டக்காரர் என்றாலும், பெனால்டி கார்னரில் பந்தை மட்டையால் இழுத்து வீசும் அணியின் முதன்மை டிராக் ஃபிளிக் வீரர் அவர்தான். 2021, 2022 இரண்டு ஆண்டுகளிலும் உலகின் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர். அடுத்து இங்கிலாந்துடன் கோலின்றிச் சமநிலை. வேல்ஸுக்கு எதிராக, ஆட்டம் முடியும் தறுவாயில்தான் அவருக்கு முதல் கோல் வந்தது. பிறகு காலிறுதிக்குள் நுழைய நியூசிலாந்துடன் நடந்த ‘கிராஸ்ஓவர்’ ஆட்டத்தில் 3-1 என முன்னிலையில் இருந்த இந்தியா 3-3 எனச் சமன் கண்டு, ஷூட்அவுட்டில் 4-5 எனத் தோற்றது. சொந்த மண்ணில் நடந்த உலகக் கோப்பையில் கிடைத்தது ஒன்பதாம் இடம். தலைமைப் பயிற்சியாளர் கிரகாம் ரீட் ஜனவரி 30-இல் பதவி விலகினார்.

அந்த வாரத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்லியிருப்பார்கள்: ஹர்மன்பிரீத் தளர்ந்துவிட்டார், அல்லது ரீட் அவரைத் தலைமைச் சுமையால் கெடுத்துவிட்டார்.

மார்ச் தொடக்கத்தில் தென்னாப்பிரிக்கரான கிரெய்க் ஃபுல்டனைப் புதிய பயிற்சியாளராக அறிவித்தார்கள். அயர்லாந்து ஆடவரை 2016 ஒலிம்பிக்குக்குக் கொண்டுசென்றவர், பிறகு பெல்ஜியத்தின் துணைப் பயிற்சியாளராக உலகக் கோப்பையையும் ஒலிம்பிக் தங்கத்தையும் கண்டவர். அவர் வந்து பொறுப்பேற்பதற்கு முன்பே, இடைக்கால ஏற்பாட்டோடு, அதே ரூர்கேலா திடலில் புரோ லீக் ஆட்டங்கள் நடந்தன. மார்ச் 10-இல் இந்தியா ஜெர்மனியை 3-2 என வென்றது. ஜெர்மனி அப்போதுதான் உலகக் கோப்பையை வென்றிருந்த அணி. மார்ச் 12-இல் ஆஸ்திரேலியாவை 5-4 என வென்றது. அன்று ஹர்மன்பிரீத் மூன்று கோல் அடித்தார். அரியலூர்க்காரரான கார்த்தி செல்வமும் அன்று ஒரு கோல் போட்டார். மறுநாள் ஜெர்மனிக்கு எதிராக 6-3.

எதிரணிகள் உலகக் கோப்பைக்கு வந்த அதே ஆட்களோடு வரவில்லை என்பதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும். ஆனாலும் கேள்வி நிற்கிறது. பழைய பயிற்சியாளர் போய்விட்டார், புதியவர் இன்னும் களத்துக்கு வரவில்லை. இடையில் இருந்த ஆறு வாரங்களில், அதே திடலில், அதே வீரரின் மட்டைக்கு உயிர் வந்துவிட்டது. இந்த எழுச்சியை யார் கணக்கில் எழுதுவது?

சராசரிக்குத் திரும்புதல்

புள்ளியியலில் இதற்குப் பழைய விளக்கம் ஒன்று உண்டு. மிக உயரமான பெற்றோரின் பிள்ளைகள் சராசரியாக அவர்களைவிடச் சற்றுக் குட்டையாகவும், மிகக் குள்ளமானவர்களின் பிள்ளைகள் சற்று உயரமாகவும் இருப்பதை பிரான்சிஸ் கால்டன் 1886-இல் எழுதினார். ஓர் அளவீடு உச்சத்திலோ அடியிலோ இருந்தால், அடுத்த அளவீடு நடுவை நோக்கித் திரும்பும் வாய்ப்பே அதிகம். ஏனென்றால் எந்த உச்சத்திலும் எந்த அடியிலும் திறமையோடு தற்செயலும் கலந்திருக்கிறது. திறமை நிலைக்கிறது, தற்செயல் அடுத்த முறை வேறு பக்கம் சாய்கிறது.

பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் தன் அனுபவத்திலிருந்து சொன்ன சம்பவம் பயிற்சியாளர்கள் எல்லாருக்கும் உரியது. இஸ்ரேலிய விமானப்படையின் பயிற்சியாளர்கள் அவரிடம் வாதாடினார்கள்: நன்றாகப் பறந்தவனைப் பாராட்டினால் அடுத்த முறை சொதப்புகிறான், மோசமாகப் பறந்தவனைத் திட்டினால் அடுத்த முறை திருந்துகிறான், ஆகவே திட்டுவதே பலன் தருகிறது. அவர்கள் கண்டது உண்மை. எடுத்த முடிவு தவறு. திட்டாவிட்டாலும் மோசமாகப் பறந்தவன் அடுத்த முறை சற்று நன்றாகவே பறந்திருப்பான்.

பயிற்சியாளரை மாற்றுவதும் இதே பொறியில் விழுகிறது, ஏனென்றால் யாரும் அணி உச்சத்தில் இருக்கும்போது அவரை மாற்றுவதில்லை. அடியில் கிடக்கும்போதுதான் மாற்றுகிறார்கள். நெதர்லாந்தின் முதல்நிலைக் காற்பந்துக் குழுக்களின் 1986 முதல் 2004 வரையான ஆட்டங்களைப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல் ஆராய்ந்தார். பயிற்சியாளரை நீக்கிய குழுக்கள் பிறகு மேலேறின. ஆனால் அதே அளவு சரிந்தும் பயிற்சியாளரை நீக்காத குழுக்களும் ஏறக்குறைய அதே வேகத்தில் மேலேறின. மருந்து குடித்தவரும் குடிக்காதவரும் ஒரே வாரத்தில் குணமானால், அந்தக் காய்ச்சலை மருந்து தீர்த்தது என்று எப்படிச் சொல்வது?

இந்திய ஹாக்கியில் இதன் மறுபக்கமும் உண்டு. 2012 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த ஒலிம்பிக் தகுதிச் சுற்றில் தடுப்பாட்டக்காரர் சந்தீப் சிங் 16 கோல் அடித்தார்; இறுதி ஆட்டத்தில் பிரான்ஸ் 8-1 என நொறுங்கியது. ஆறு மாதம் கழித்து லண்டனில் இந்தியா ஆறு ஆட்டங்களிலும் தோற்றுப் பன்னிரண்டாவதாக, அதாவது கடைசியாக வந்தது. இரண்டுக்கும் பயிற்சியாளர் ஒருவரே, மைக்கேல் நாப்ஸ். எதிரணிகளின் தரம் மாறியது பெரிய காரணம். அதோடு, உச்சம் உச்சமாகவே நீடிக்காது என்பதும் காரணம். ஹர்மன்பிரீத்துக்கும் அப்படியே: டோக்கியோ ஒலிம்பிக்கில் ஆறு கோல் அடித்து, 41 ஆண்டுகளுக்குப் பிறகு இந்தியாவுக்குப் பதக்கம் கிடைத்தபோதும் பயிற்சியாளர் ரீட்தான்.

யாருடைய தவறு என்று எண்ணுகிறோம்?

இங்கே தடுப்பாட்டக்காரர்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. முன்வரிசை வீரர் செய்யும் நல்லது கண்ணுக்குத் தெரியும், அது பலகையில் ஏறும். தடுப்பாட்டக்காரர் செய்யும் நல்லது நடக்காமல் போன ஒன்று: வராத பந்து, திறக்காத வழி. அவரிடம் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் தவறு மட்டும்தான்.

பனித்தள ஹாக்கியில் நெடுங்காலமாக ஒரு கணக்கு உண்டு. ஒருவர் களத்தில் இருக்கையில் தன் அணி அடித்த கோல்களைக் கூட்டி, வாங்கிய கோல்களைக் கழிப்பார்கள். இதை வைத்தே எத்தனையோ தடுப்பாட்டக்காரர்களைத் தேறாதவர்கள் என்று ஒதுக்கினார்கள். பின்னால் ஆய்வாளர்கள் கூர்ந்து பார்த்தபோது, பின்னால் நிற்கும் கோல்காப்பாளர் அந்தப் பருவத்தில் எத்தனை பந்துகளைத் தடுத்தார் என்பதே இந்த எண்ணைப் பெருமளவு ஆட்டுவிப்பது தெரிந்தது. கோல்காப்பாளர் சரியில்லாத ஆண்டில் நல்ல தடுப்பாட்டக்காரரும் மோசமாகத் தெரிவார். அடுத்த ஆண்டு குழு மாறிப் போய் “தேறிவிட்டால்”, புதிய பயிற்சியாளருக்கு மாலை விழும்.

திடல் ஹாக்கியின் பெனால்டி கார்னரையும் இப்படிப் பிரித்துப் பார்க்கலாம். கோல் கம்பத்திலிருந்து பத்து மீட்டர் தள்ளிக் கோட்டின் மேலிருந்து ஒருவர் பந்தைத் தள்ளிவிட வேண்டும். வட்டத்துக்கு வெளியே ஒருவர் அதை அசையாமல் நிறுத்த வேண்டும். அதற்குப் பிறகுதான் டிராக் ஃபிளிக் வீரர் மட்டையில் பந்தை இழுத்து வீசுகிறார். எதிரே கோல்காப்பாளரோடு நால்வர் பாய்ந்து வருகிறார்கள். பந்தைத் தள்ளியவரின் வேகம் சற்றுக் குறைந்தால், நிறுத்திய பந்து உள்ளங்கை அளவு விலகினால், வீசுபவரின் கால் அடி தப்பும். தொலைக்காட்சியில் தெரிவது ஒரே முகம். கோல் விழாத கார்னர் மூன்று பேருடையது, வசவு ஒருவருக்கு.

சிங்கப்பூருக்கு எதிராக 16 கோல்

2023 செப்டம்பர் 26 அன்று ஹாங்சோ ஆசிய விளையாட்டுகளில் இந்தியா சிங்கப்பூரை 16-1 என வென்றது. அதில் நான்கு ஹர்மன்பிரீத்துடையவை. எட்டு மாதங்களுக்கு முன் தடுமாறிய அதே வீரர்.

அந்த ஆட்டத்தை நம் தடுப்பாட்டக்காரர்கள் பக்கம் நின்றும் பார்க்க வேண்டும். பதினாறு கோல் வாங்கிய பின்வரிசையில் யாராவது ஒருவரைச் சுட்டி, இவர் வேறு பயிற்சியாளரிடம் இருந்தால் தேறியிருப்பார் என்று சொல்ல முடியுமா? எதிரே நின்றவர்கள் ஆண்டு முழுதும் பெங்களூரு முகாமில் சேர்ந்து பயிலும் தொழில்முறை வீரர்கள். நம் பிள்ளைகளோ படிப்புக்கும் தேசிய சேவைக்கும் வேலைக்கும் நடுவே மாலை நேரத்தில் மட்டையைத் தூக்குபவர்கள். உலகின் தலைசிறந்த பயிற்சியாளரை அன்று ஓரத்தில் நிறுத்தியிருந்தாலும் ஒற்றை இலக்கக் கோல்களோடு தப்புவது கடினம். பயிற்சியாளர் மாற்றக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. அதற்கு அப்பால் நேரம், ஆட்களின் எண்ணிக்கை, ஆட்டத்தில் கிடைக்கும் அனுபவம் என்று வேறு கணக்குகள் தொடங்குகின்றன.

இந்த இரண்டு அணிகளும் 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கிலும் மோதியிருக்கின்றன. இந்தியா ஆறு கோல் போட்டு வென்றது. சிங்கப்பூர் எட்டாவது இடத்தில் முடித்தது. அந்த அணியில் ஆறுமுகம் விஜயரத்தினம் இருந்தார். ஹாக்கி, கிரிக்கெட், காற்பந்து, ரக்பி என நான்கு விளையாட்டுகளில் சிங்கப்பூரைப் பிரதிநிதித்தவர். பொறியாளராகத் துறைமுகத்தில் உயர்ந்து, பின்னாளில் நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் இணை வேந்தரானார். பூன் லே பேருந்து முனையத்தில் 179-இல் ஏறினால் அந்த வளாகத்துக்குப் போய்விடலாம்.

அவரை இங்கே நினைப்பதற்குக் காரணம் உண்டு. பாலஸ்டியர் சாலையில் இந்தியர் சங்கமும் சிலோன் விளையாட்டு மன்றமும், பக்கத்திலேயே கால்சா சங்கமும் மாலைகளை நிறைத்த காலத்தில், ஓர் இளைஞர் வெவ்வேறு விளையாட்டுகளில் வெவ்வேறு தலைவர்களின் கீழ் வெவ்வேறு இடங்களில் ஆடிப் பார்க்க வழி இருந்தது. ஒன்றில் பொருந்தாவிட்டால் இன்னொன்று இருந்தது. இன்று பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஓர் இணைப்பாட நடவடிக்கை, ஒரு பயிற்சியாளர், பெரும்பாலும் ஒரே இடம். நேரடிப் பள்ளிச் சேர்க்கையில் வந்தவன் என்றால் அந்த ஒற்றை இடத்தின் மேல் அவன் பள்ளிப் படிப்பே நிற்பதுபோல் குடும்பம் உணர்கிறது. செங்காங்கிலும் டெல்டாவிலும் இருக்கும் செயற்கைப் புல்தரைகளுக்கு மேற்குக் கோடியிலிருந்து எம்ஆர்டியில் போய்த் திரும்புவதற்குள் மாலை தீர்ந்துவிடும். பயிற்சியாளரை மாற்றலாமா என்ற கேள்வி இங்கே இவ்வளவு கனப்பதற்கு, மாற்றிப் பார்க்க வேறு எதுவும் கையில் இல்லாததும் காரணம்.

வேலை மாறினால்

அப்படியானால் பயிற்சியாளரால் ஒன்றும் ஆவதில்லையா? அப்படியும் இல்லை. தற்செயலைக் கழித்த பிறகு எஞ்சுவதில் பயிற்சியாளரின் கை இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்பதை அமித் ரோஹிதாஸின் வாழ்க்கை காட்டுகிறது.

ஒடிசாவின் சுந்தர்கர் மாவட்டத்துக்காரர். 2013-இல் இந்திய அணிக்குள் வந்து, பிறகு வெளியே தள்ளப்பட்டு, 2017-இல் திரும்பினார். 2013-க்கும் 2019-க்கும் இடையில் நாப்ஸ், டெரி வால்ஷ், பால் வான் ஆஸ், ரோலன்ட் ஓல்ட்மன்ஸ், ஷோர்ட் மரைனே, ஹரேந்திர சிங், ரீட் என ஏழு பேர் அந்த அணியின் பயிற்சியாளர் நாற்காலியில் அமர்ந்தார்கள். ஆளை மாற்றினாலே தடுப்பாட்டக்காரர் தேறுவார் என்றால், ரோஹிதாஸ் முதல் இரண்டு மாற்றங்களிலேயே தேறியிருக்க வேண்டும்.

அவரை அசைக்க முடியாதவராக்கியது ஒரு வேலை என்றே நான் வாசிக்கிறேன். எதிரணி பெனால்டி கார்னர் எடுக்கும்போது கோட்டிலிருந்து முதலில் பாய்ந்து, வீசுபவரின் முன்னால் உடலைக் கொடுக்கும் வேலை. மணிக்கு நூறு கிலோமீட்டரைத் தாண்டி வரக்கூடிய பந்துக்கு எதிரே, முகக் கவசம், முழங்கால் காப்பு போன்ற சிலவற்றை மட்டும் அணிந்து ஓடுவது. வேகமும் அச்சமின்மையும் உள்ள ஒருவருக்கு அந்த வேகமும் அச்சமின்மையும் கேட்கும் வேலை கிடைத்தது. டோக்கியோவில் அந்த வேலையில் அவர் பெயர் உலகறிந்தது. நின்று பந்தைப் பகிர்வதை மட்டும் வைத்து அளந்திருந்தால், அவரை இன்னொரு முறையும் வெளியே அனுப்பியிருக்கலாம்.

இன்னொரு சான்று 2024 ஆகஸ்ட் 4, பாரிஸ் ஒலிம்பிக். பிரிட்டனுக்கு எதிரான கால் இறுதியில் 17-ஆம் நிமிடத்தில் அதே ரோஹிதாஸுக்குச் சிவப்பு அட்டை. மீதி 43 நிமிடமும் இந்தியா பத்துப் பேரோடு ஆடியது. ஹர்மன்பிரீத் கோல் அடித்தார், பிரிட்டன் சமன் செய்தது, அதற்குமேல் இந்தியா ஒரு கோலும் விடவில்லை. ஷூட்அவுட்டில் இந்தியா 4-2 என வென்றது. ஃபுல்டன் வந்ததிலிருந்து அழுத்திச் சொல்லிவந்தது தற்காப்பிலிருந்து வெற்றியைக் கட்டுவதைத்தான். ஒருவர் விட்ட இடத்தை யார் மூடுவது, முன்வரிசை வீரர் எவ்வளவு பின்னால் இறங்கி வருவது, பந்தை எந்தப் பக்கம் ஓட்டிச் செல்ல விடுவது என்பதெல்லாம் முன்பே பழகியிருந்தால்தான் பத்துப் பேர் அப்படித் தாங்க முடியும். ஆறு வாரத்தில் வராதது இது. பதினாறு மாதத்தில் வந்தது. வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஸ்பெயினுக்கு எதிராக இரண்டு கோலும் ஹர்மன்பிரீத்துடையவை. அந்த ஒலிம்பிக்கில் மொத்தம் பத்து.

ஆக, இரண்டு வகை மாற்றங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். 2023 மார்ச்சில் ஹர்மன்பிரீத்திடம் கண்டது அவர் தன் இயல்பான தரத்துக்குத் திரும்பியது. அதற்குப் பொறுமை போதும். பாரிஸில் கண்டது அவரைச் சுற்றி ஒரு கட்டமைப்பு எழுந்தது. அதற்குப் பயிற்சியாளர் வேண்டும். முதலாவதைக் கண்டு யாருக்கும் மாலை போட வேண்டியதில்லை. இரண்டாவதைச் சில வாரங்களில் எதிர்பார்க்கவும் கூடாது. தடுமாறும் தடுப்பாட்டக்காரர் வேறு பயிற்சியாளரிடம் தேறுவாரா என்ற கேள்விக்கு என் பதில் இதுதான்: அந்தப் புதியவர் அவருக்கு வேறு வேலையோ, பக்கத்தில் வேறு துணையோ தருவாரானால் தேற வாய்ப்புண்டு. அதே இடத்தில் அதே வேலையைக் கொடுத்து வேறு குரலில் அறிவுரை சொல்வாரானால், வந்த ஏற்றம் பெரும்பாலும் காலம் கொடுத்ததாகவே இருக்கும்.

ஒரு கேள்வி மிச்சம்

போன ஞாயிறு புளோக்கின் கீழ்த்தளத்தில் தந்தையையும் மகனையும் மறுபடி பார்த்தேன். ரூர்கேலா கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, இந்த முறை பையனிடமே கேட்டேன்: “தம்பி, போன வருஷம் எந்தப் பக்கம் நின்ன?”

“வலது பக்கம் அங்கிள். இந்த வருஷம் இடது. அங்க ஆடுன சீனியர் ஸ்கூல் முடிச்சுப் போயிட்டாரு.”

ஹாக்கி மட்டைக்குத் தட்டையான முகம் ஒன்றுதான், அது இடப்பக்கம். இடக்கைக்காரருக்கென்று தனி மட்டை கிடையாது. வலது ஓரத்தில் நிற்பவர் எதிராளியைக் கோட்டை நோக்கித் தள்ளும்போது பந்து அவர் மட்டையின் இயல்பான பக்கத்துக்கு வருகிறது. இடது ஓரத்தில் அதே பந்து மட்டையைத் திருப்பிப் பிடிக்க வேண்டிய பக்கத்தில் வருகிறது. அதற்குத் தனிப் பழக்கம் வேண்டும், மாதக்கணக்கில். பையன் மோசமானவனாகிவிடவில்லை. வேறொரு வேலைக்கு மாற்றப்பட்டு, பழைய வேலையின் அளவுகோலால் அளக்கப்படுகிறான்.

அப்பா மகனைத் திரும்பிப் பார்த்தார். “இத ஏன்டா எங்கிட்ட சொல்லல?”

“நீங்க ஸ்கோர் மட்டும்தானே கேப்பீங்க பா.”

அவர் சற்று நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, பயிற்சியாளரைப் பார்க்க நேரம் கேட்கப்போவதாகச் சொன்னார். குழுவை மாற்றுவதைப் பற்றி இப்போதைக்குப் பேச்சில்லை. திருப்பிப் பிடித்துத் தடுக்கும் பயிற்சிக்கு வாரத்தில் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும் என்பதுதான் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி.